மூளையைப் படம் பிடித்த வரலாறும் பக்கவாதத்தை முன்னறிந்த கதையும்

பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் நம் ஊர்களில் வழங்கும் நோய் மனித இனம் தொன்றுதொட்டு அறிந்த ஒன்றாகும். காலையில் நன்றாயிருந்து வயலுக்குச் சென்றவர் உச்சிவேளையில் ஒரு கையும் ஒரு காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சற்றுக் கிடப்பார். பண்டைக் கிரேக்கர் இந்நோயை ‘அடித்து வீழ்த்தப்படுதல்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்ட்ரோக் என்னும் சொல்லுக்கும் அடி என்பதே பொருள். அடி விழுந்தது எல்லார்க்கும் தெரிந்தது. உள்ளே நிகழ்ந்தது யாதென ஒருவர்க்கும் தெரியவில்லை. வாயுவின் சேட்டை என்றனர் சிலர். முன்வினை என்றனர் சிலர். செய்வினை என்று சொல்லிக் காசு பறித்தோரும் உண்டு.

1658-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஷாப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்பர், இந்நோயால் இறந்தோரின் மூளைகளை அறுத்து ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மூளைக்குள் குருதி கசிந்து உறைந்து கிடந்ததை அவர் கண்டு எழுதினார். மூளைக்குக் குருதி செல்லும் வழி அடைபடுவதாலும் இந்நோய் வரக்கூடும் என்றும் கூறினார். இன்று நாம் அறிந்துள்ள இரு வகைகளும் இவையே. ஒன்று குருதிக் குழாய் வெடித்தல். மற்றொன்று குருதிக் குழாய் அடைதல். அடைப்பினால் வருவதே மிகுதி. இவ்விரண்டிற்கும் வேண்டிய மருத்துவமோ நேர்மாறானது. கசிவு கண்டவர்க்குக் குருதி உறைய வேண்டும். அடைப்பு கண்டவர்க்கு உறைந்த கட்டி கரைய வேண்டும். ஒருவர்க்கு மருந்தாவது மற்றவர்க்கு நஞ்சாகும். ஆனால் படுக்கையருகே நிற்கும் மருத்துவர் கண்ணுக்கு இரு நோயாளரும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் கிடப்பர். ஆகவே வெப்பர் நூல் வெளிவந்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், இன்ன வகை என்று ஐயமின்றிச் சொல்லப் பிணச் சோதனையையே நம்பவேண்டியிருந்தது.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் உர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். முறிந்த எலும்பும் உள்ளே தங்கிய துப்பாக்கிக் குண்டும் உடனே கண்ணுக்குத் தெரிந்தன. மூளை மட்டும் தெரியவில்லை. மண்டையோட்டின் வெண்ணிழல் படத்தை நிரப்பிவிட்டது. உள்ளிருக்கும் மூளையும் நீரும் குருதியும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியுடையன ஆதலின் ஒன்றினின்று ஒன்று பிரிந்து விழவில்லை. 1918-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1927-இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் அயோடின் கலந்த கரைசலை ஏற்றி மூளையின் குருதிக் குழாய்களை முதன்முதலாகப் படமாக்கினார். தொடக்க முயற்சிகளுள் ஒன்றில் ஒரு நோயாளி உயிரிழந்தார். (இதே மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது இப்படங்களுக்காக அன்று, மனநோயாளரின் மூளையில் நரம்புகளைத் துண்டிக்கும் அறுவைக்காக. மருத்துவ உலகம் இன்று பெருமையோடு நினைவுகூரும் செய்தி அன்று அது.) இம்முறைகளெல்லாம் துன்பமும் இடரும் மிக்கவை. அடிபட்டு வந்த ஒவ்வொருவர்க்கும் செய்யத்தக்கவை அல்ல.

பட்டமில்லாப் பொறியாளர்

மண்டையோட்டைத் திறவாமல் மூளையைக் காட்டியவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் வட்டாரத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் ஐந்து மக்களுள் கடைக்குட்டியாக 1919-இல் பிறந்த காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவர் அவர். இளமையில் பண்ணையின் இயந்திரங்களையே தமக்கு ஆசானாகக் கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து ராடார் கருவிகளைப் பயின்றார். போருக்குப் பின் மின்பொறியியல் கல்லூரியொன்றில் பட்டயம் பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இறுதிவரை இருந்ததில்லை.

இ.எம்.ஐ. என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய அவருக்கு 1967-இல் ஓர் எண்ணம் உதித்தது. மூடிய பெட்டியொன்றை ஒரு பக்கமிருந்து மட்டும் பாராமல் எல்லாத் திசைகளிலிருந்தும் கதிர் செலுத்தி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டது என்று அளந்தால், உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தியான பொருள் உள்ளது என்பதைக் கணக்கிட்டே கூறிவிடலாம் அன்றோ? கணக்கு மிகப் பெரிது, மனிதக் கையால் ஆகாது, கணினியால் ஆகும். அவர் ஆய்வுக்கூடத்தில் அமைத்த முதற் கருவி ஒரு படத்துக்கு வேண்டிய அளவீடுகளை எடுக்க ஒன்பது நாட்கள் பிடித்தது. அவ்வளவீடுகள் ஏறத்தாழ 28,000. அவற்றைக் கணினி கணக்கிட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கதிர் மூலத்தை மாற்றி ஒன்பது நாளை ஒன்பது மணியாகக் குறைத்தார். இறைச்சிக் கடையில் வாங்கிய காளையின் மூளையை எடுத்துவந்து படமெடுத்துப் பார்த்தார்.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டன் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்புரோசின் துணையோடு முதல் நோயாளியின் மூளை படமாக்கப்பட்டது. கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட பெண்மணி அவர். கட்டி இருந்த இடம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. குறுக்கே 80, நெடுக்கே 80 கட்டங்கள் கொண்ட அப்படம் இன்றைய கண்ணுக்குக் கோலப்பொடி சிதறியதுபோல் தோன்றும். ஆயினும் அன்று அது உயிருள்ள மனிதரின் மூளை.

இக்கருவியே இன்று சி.டி. ஸ்கேன் எனப்படுகிறது. இதன் கணித அடிப்படையைத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் என்னும் இயற்பியலார் 1963, 1964 ஆண்டுகளிலேயே வெளியிட்டிருந்தார். அன்று அதை ஏறெடுத்துப் பார்த்தவர் மிகச் சிலர். இருவருக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இருவருள் ஒருவரும் மருத்துவர் அல்லர். முனைவர் பட்டமும் பெற்றிலர். இசைத்தட்டு விற்பனையில் இ.எம்.ஐ. ஈட்டிய பொருளே இக்கருவியைப் பெற்றெடுத்தது என்று பலரும் எழுதுவர். கேட்க இனிமையான கதைதான். ஆனால் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை இதற்குச் செலவிட்ட தொகை அந்நிறுவனம் இட்டதைவிடப் பன்மடங்கு பெரிது. மக்களின் வரிப்பணம் செய்த வேலையை இசைத்தட்டின் கணக்கில் எழுதுவது முறையன்று.

பக்கவாத மருத்துவத்தில் இக்கருவி செய்த மாற்றத்தை ஒரு தொடரில் சொல்லிவிடலாம். புதிதாகக் கசிந்த குருதி சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடைப்பினால் இறந்த பகுதி மணிக்கணக்கில் மெல்லக் கறுக்கும். முந்நூறு ஆண்டுப் புதிர் சில நிமிடங்களில் அவிழ்ந்தது. 1995-இல், அடைப்பைக் கரைக்கும் டி.பி.ஏ. என்னும் மருந்தை நோய் கண்ட மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றினால் பலர் ஊனமின்றி மீள்வர் என்று அமெரிக்காவில் 624 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு மெய்ப்பித்தது. கசிவு இல்லை என்று சி.டி. படம் உறுதி கூறிய பின்னரே அம்மருந்தைத் தொட இயலும். படமில்லையேல் மருந்தில்லை.

சி.டி.க்கு ஒரு குறை இருந்தது. அடைப்பு நேர்ந்த முதற் சில மணிகளில் எந்தப் பகுதி இறந்துவிட்டது, எது இன்னும் காக்கத்தக்கது என்று அது தெளிவாகக் காட்டாது. குருதி குறைந்து மயங்கிக் கிடந்தும் இன்னும் இறவாத பகுதியொன்று மூளையில் உண்டு என்பதை 1970-களின் இறுதியிலும் 1981-லும் ஆஸ்டிரப், சைமன் முதலியோர் ஆய்ந்து கூறி, அதற்கு ‘அரைநிழல்’ என்று பொருள்படும் பெயரிட்டனர். அவ்வரை நிழலைக் கண்ணுக்குக் காட்டியது காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி. இதை உருவாக்கியோர் இருவர்க்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருள் ஒருவரான பீட்டர் மான்ஸ்ஃபீல்டு பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தொழிலுக்குச் சென்றவர். பின்னர் மாலை வகுப்புகளில் பயின்று மேலேறியவர். நம் இளைஞர்கள் இப்பெயரை நினைவிற் கொள்ளலாம். 1990-இல் மோஸ்லியும் அவர் கூட்டாளிகளும் பூனைகளில் செய்த ஆய்வில், அடைப்பு நேர்ந்து 45 நிமிடங்களிலேயே மூளையின் கேட்டை ஒருவகை எம்.ஆர்.ஐ. படம் காட்டிற்று. நிறைவாக 2018-இல் வெளியான ‘டான்’ என்னும் ஆய்வு, நோய் கண்டு ஆறு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் கடந்து வந்தவர்களிலும், காக்கத்தக்க பகுதி மிகுந்திருப்பதாகப் படம் காட்டுவோர்க்கு அடைப்பை இழுத்தெடுத்தால் நூற்றுக்கு 49 பேர் பிறர் துணையின்றி வாழ்வதாகவும், அவ்வாறு செய்யாதவரில் 13 பேரே அங்ஙனம் வாழ்வதாகவும் காட்டியது. கடிகாரத்தின் இடத்தில் படம் வந்து அமர்ந்தது எனலாம்.

இதுவரை சொன்னது அடி விழுந்த பின் நிகழ்வது. அடி விழுமுன் படம் பார்த்துச் சொல்ல இயலுமா? இக்கட்டுரை சொல்லவந்த செய்தி இதுவே.

வளர்ந்தோர் திறத்தில் இக்கேள்விக்கு விடை இன்னும் அரைகுறையாகவே உள்ளது. சிறு அடி ஒருமுறை பட்டவரின் கழுத்துத் தமனி நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் குறுகியிருப்பின், அதைச் சீர் செய்யும் அறுவையால் பேரடி வருவதைப் பெரிதும் தடுக்கலாம் என்று 1991-இல் வட அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. ஆனால் நோய்க்குறி ஏதுமில்லாத எல்லாரையும் கழுத்து ஸ்கேன் எடுத்துச் சலித்துப் பார்ப்பதால் நன்மையினும் தீமை மிகுதி என்றே அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2014-இலும் 2021-இலும் கூறியுள்ளது. ‘பக்கவாதம் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெருநகரங்களில் விளம்பரம் செய்வோர் இதைச் சொல்வதில்லை. வளர்ந்தோரின் பக்கவாதத்துக்குத் தலையாய காரணம் குருதிக் கொதிப்பு. அதை அளக்க ஸ்கேன் வேண்டா, கையிற் சுற்றும் பட்டை போதும்.

படத்தின் துணைகொண்டு பக்கவாதத்தை உறுதியாக முன்னறிந்து, முன்னறிந்ததைத் தடுத்தும் காட்டிய நிகழ்ச்சி வேறொரு மக்களிடையே நடந்தது. அது அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் கதை.

அரிவாள் வடிவ அணுக்கள்

குருதியின் சிவப்பணு வட்டத்தட்டுப் போன்றது. சிலர்க்கு அது வளைந்து கதிர் அரிவாள் போலாகிவிடும். 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல் மருத்துவம் பயில வந்த கறுப்பின மாணவர் ஒருவரின் குருதியில் இதைக் கண்டு எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இக்கேடு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ளது என்று நிறுவினர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்து சேர்ந்த குழந்தைக்கே கடுஞ்சோகையும் வலியும் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளர் அல்லர். கூறு தாங்கியே ஆவார். அவரை மலேரியா எளிதில் கொல்லாது என்று 1954-இல் ஆந்தனி ஆலிசன் காட்டினார். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் இக்கூறு நிலைத்ததற்கு இதுவே காரணம். இஃது இன இழிவும் அன்று, குலக் குற்றமும் அன்று. கொசு மிகுந்த நிலங்களில் மக்கள் உயிர் பிழைத்ததன் தழும்பு.

இந்நோய் உள்ள குழந்தைகட்கு மூளையின் அடியிலுள்ள பெருந்தமனிகள் மெல்ல மெல்லக் குறுகும். நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தை திடீரெனக் கைகால் விழுந்து பேச்சிழக்கும். கடுமையான வகை உடையோரில் இருபது வயது நிரம்புமுன் நூற்றுக்குப் பதினொருவர்க்குப் பக்கவாதம் வந்ததை 1998-இல் கானா நாட்டவரான குவாக்கு ஒஹேனே-பிரெம்பாங் தலைமையில் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

இக்குழந்தைகளை அமெரிக்க நாடு எவ்வாறு நடத்தியது? மருத்துவர் ராபர்ட் ஸ்காட் 1970-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கணக்கை எடுத்துவைத்தார். 1967-இல் புதிதாகத் தோன்றிய அரிவாள் அணு நோயாளர் தொகையும், வெள்ளையரிடையே மிகுந்து காணும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் மரபுநோயாளர் தொகையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பின்னதற்கு மக்களிடமிருந்து திரண்ட நன்கொடை 19 இலட்சம் டாலர். தசைச் சிதைவு நோய்க்குத் திரண்டது 79 இலட்சம் டாலர். அரிவாள் அணு நோய்க்கு ஓர் இலட்சம் டாலர்கூட இல்லை. கணக்குப் பேசும்போது வாதுரை தேவையில்லை.

1971 முதல் கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் தம் மருத்துவ நிலையங்களில் தாமே இந்நோய்க்குக் குருதிச் சோதனை நடத்தினர். 1972 மே மாதம் இந்நோய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. நல்லதுதான். ஆயினும் அதன் பின் நிகழ்ந்ததையும் நாம் அறிதல் வேண்டும். சில மாநிலங்கள் பள்ளியிற் சேரவும் திருமண உரிமம் பெறவும் கறுப்பின மக்கள் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயச் சட்டம் இயற்றின. நோயாளர் எவர், கூறு தாங்கி எவர் என்ற வேறுபாடு சட்டத்தை எழுதியவர்களுக்கே தெளிவாக விளங்கவில்லை. நல்ல உடல்நலம் உடைய கூறு தாங்கிகள் காப்பீட்டிலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டனர். அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சோதனை இருந்தது, அதைத் தொடர்ந்து கொடுக்க மருந்து இல்லை. அறிவு, மருத்துவமாகப் பயன்படாமல் நெற்றியில் குத்திய முத்திரையாகப் பயன்பட்டது. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது எத்தகையது என்று இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

நெற்றிப்பொட்டில் ஒரு சாளரம்

நிலையத்தை நெருங்கும் புகைவண்டியின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது மந்தமாகவும் கேட்பதை எல்லாரும் அறிவர். ஓடும் பொருளின் வேகத்துக்கேற்ப அலை மாறுபடும் இவ்வியல்பை 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் கூறினார். ஓடும் குருதி மேல் காதுக்குக் கேளா ஒலியைச் செலுத்தித் திரும்பி வரும் ஒலியை அளந்தால் குருதியின் வேகம் தெரியும். ஆனால் மண்டையோடு ஒலியை விழுங்கிவிடுமே? காதுக்கு முன்னே, நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. 1982-இல் நார்வே நாட்டவரான ரூனே ஆஸ்லிட், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றுகையில், அவ்விடத்தில் கருவியை வைத்து மூளைத் தமனியின் குருதி வேகத்தை அளந்து காட்டினார். கத்தியில்லை, ஊசியில்லை, கதிருமில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளோடு ஒப்பிட மிகக் குறைந்த விலையுடையது. இது காட்டுவது மூளையின் உருவத்தை அன்று. குருதியோட்டத்தின் அலைக்கோட்டை மட்டுமே.

அந்தக் கோடு போதுமானதாயிற்று. வாய்க்காலின் மடை குறுகுமிடத்தில் நீர் சீறிப் பாய்வதை நாம் பார்த்திருக்கிறோம். தமனி குறுகினால் குருதியும் அவ்வாறே சீறும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகர மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஆடம்ஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், அரிவாள் அணு நோயுற்ற 190 பேரை, பெரும்பாலும் சிறுவர் சிறுமியரை, இக்கருவியால் சோதித்துக் காத்திருந்தார். 1992-இல் முடிவை வெளியிட்டார். குருதி வேகம் மிகுந்திருந்தவர் 23 பேர். அவருள் 6 பேர்க்குப் பக்கவாதம் வந்தது. வேகம் இயல்பாயிருந்தவர் 167 பேர்; அவருள் ஒருவர்க்கே வந்தது. சோதனையின்போது இக்குழந்தைகள் ஓடியாடித் திரிந்தவர்கள். வெளியே ஒரு குறியும் இல்லை. கோடு மட்டும் அறிந்திருந்தது.

முன்னறிந்தாயிற்று, இனிச் செய்வது யாது? நல்ல குருதியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி வந்தால் அரிவாள் அணுக்களின் பங்கு குறையும் என்பது தெரியும். ஆயினும் வாழ்நாள் முழுதும் குருதி ஏற்றுவது எளிதன்று. ஒவ்வொரு முறையும் உடலில் இரும்பு சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். பயன் உறுதியானாலன்றி ஒரு குழந்தையை அதற்கு உட்படுத்தலாகாது. எனவே ஆடம்ஸ் தலைமையில் பல மருத்துவமனைகள் கூடி ‘ஸ்டாப்’ என்னும் ஆய்வைத் தொடங்கின. ஏறத்தாழ இரண்டாயிரம் குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். குருதி வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டிய அல்லது கடந்தவருள் 130 பேர் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கப்பட்டனர். 63 பேர்க்கு இடைவிடாது குருதி ஏற்றப்பட்டது. 67 பேர்க்கு அதுவரை வழக்கிலிருந்த மருத்துவம் அளிக்கப்பட்டது.

1997 செப்டம்பரில் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. தோல்வியால் அன்று, வேற்றுமை அவ்வளவு வெளிப்படையாயிருந்ததால். வழக்கமான மருத்துவம் பெற்றவருள் பதினொருவர்க்குப் பக்கவாதம்; குருதி பெற்றவருள் ஒருவர்க்கு மட்டும். இடர் நூற்றுக்கு 92 பங்கு குறைந்தது. இனியும் ஒரு பிரிவுக்குக் குருதி ஏற்றாதிருப்பது அறமன்று என்று கண்டு, எல்லார்க்கும் அவ்வாய்ப்பு அளிக்கப்பட்டது. 1998-இல் முடிவு அச்சேறியது. அப்பதினொரு குழந்தைகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் பட்ட அடியின் மேல்தான் பின்வந்த குழந்தைகளின் காப்பு எழுந்தது.

கலிபோர்னியா மாநில மருத்துவமனைக் கணக்குகளை ஆராய்ந்தோர், இவ்வாய்வுக்குப் பின் 1999, 2000 ஆண்டுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு முதற் பக்கவாதம் வருவது வெகுவாகக் குறைந்ததைக் கண்டனர். சில காலம் குருதி ஏற்றியபின் நிறுத்திவிடலாமா என்று பார்த்த மற்றோர் ஆய்வும் 2005-இல் வெளிவந்தது. நிறுத்திய 41 குழந்தைகளில் 14 பேர்க்குக் குருதி வேகம் மீண்டும் ஏறிற்று; இருவர்க்குப் பக்கவாதமே வந்தது. அவ்வாய்வும் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2016-இல், ஓராண்டேனும் குருதி பெற்றுத் தமனிகளில் பெருங்கேடு இல்லாத குழந்தைகள் ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரைக்கு மாறலாம் என்று தெரியவந்தது.

எம்.ஆர்.ஐ. படமும் இக்குழந்தைகளைப் பற்றி ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. கைகால் விழாமல், பேச்சுக் குழறாமல், மூளையின் சிறு பகுதிகள் ஓசையின்றி இறந்து கிடந்தன. ஆறு வயதுக்குள் நால்வரில் ஒருவர்க்கு இத்தகைய ஊமை அடி விழுந்திருந்தது. வீட்டில் ஒருவரும் அறியார். பள்ளியில் மட்டும் அது தெரியும்: கணக்கு வராது, கவனம் நில்லாது, வகுப்பில் பின்தங்கும். ஆசிரியர் அக்குழந்தையை மந்தம் என்பார். கறுப்பினக் குழந்தை ஆயின், அதன் இனத்தின் அறிவே அவ்வளவுதான் என்று சொல்லவும் அந்நாட்டில் ஆள் இருந்தனர். படம் சொன்னதோ, இது மந்தமும் அன்று, இனமும் அன்று, மருத்துவம் காணாத காயம் என்பது. 2014-இல் வெளியான ஆய்வில், ஊமை அடி பட்ட குழந்தைகளுக்கு இடைவிடாது குருதி ஏற்றியபோது மீண்டும் அடி விழுவது நூற்றுக்கு 14-லிருந்து 6 ஆகக் குறைந்தது. பின்தங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் அவன் உடலில் என்ன குறை என்று பார்க்க வேண்டும் என்பதை, கல்விப் பணியில் ஈடுபட்ட நம் சங்க உறுப்பினர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நலம்.

இவ்வளவு உறுதியான அறிவு கிடைத்து இருபது ஆண்டு கடந்தபின், 2019-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நடுவம் கணக்கெடுத்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட வேண்டிய குழந்தைகளில் பாதிப் பேர்கூட அவ்வாண்டில் டாப்ளர் சோதனை பெற்றிருக்கவில்லை. உலகின் பெருஞ்செல்வ நாட்டில், விலை குறைந்த கருவியொன்று, கறுப்பினக் குழந்தையின் நெற்றிப்பொட்டைச் சென்றடையவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. 1952-இல் லேமான், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுக் கூறு இருப்பதைக் கண்டறிந்தனர். இந்தியாவில் இக்கூறு கண்ட முதற் செய்திகளுள் அது ஒன்று. 1958-இல் நடு இந்தியாவில், அண்ணல் அம்பேத்கர் தோன்றிய மகார் சமூகத்தாரிடையே அது காணப்பட்டது. இந்திய நோயாளர் பலரிடம் கருப்பருவத்து ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோய் சற்று மென்மையாயிருப்பதுண்டு. ஆயினும் கடுமையாகத் தாக்கப்படுவோரும் குறைவல்லர். 2023 ஜூலை முதல் நாள் இந்திய அரசு இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் இயக்கமொன்றைத் தொடங்கி, ஏழு கோடி மக்களைச் சோதிக்க முற்பட்டது. சோதிக்கப்பட்டோர்க்கு அவர் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. அந்த அட்டை மருத்துவமனையின் வாயிலைத் திறக்கும் திறவுகோலாக வேண்டும். திருமணத் தரகரும் வேலை கொடுப்போரும் கேட்டு வாங்கிப் பார்க்கும் சீட்டாக அது மாறினால், 1970-களில் அமெரிக்காவில் நிகழ்ந்தது இங்கும் நிகழும்.

மாதந்தோறும் குருதி கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது என்னும் கேள்விக்கு விடை தேடியவர்கள் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் உள்ளனர். அரிவாள் அணு நோயோடு பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிகுதியாக உள்ள நாடு அது. வடபகுதியிலுள்ள கானோ முதலிய நகரங்களில், அங்குள்ள மருத்துவர்களுக்கே டாப்ளர் கருவியைக் கையாளும் பயிற்சி அளிக்கப்பட்டது. குருதி வேகம் மிகுந்த 220 குழந்தைகளுக்குக் குருதி ஏற்றாமல் ஹைட்ராக்சியூரியா கொடுத்தனர். பாதிப் பேர்க்குக் குறைந்த அளவு, பாதிப் பேர்க்கு நடுத்தர அளவு. 2022-இல் முடிவு வெளிவந்தது. பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டு அளவுகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மருந்தின்றி இருந்திருந்தால் எதிர்பார்க்கத்தக்க தொகையைவிட இரு பிரிவிலும் பக்கவாதம் மிகக் குறைவாகவே வந்தது. கருவி நெற்றிப்பொட்டில், மாத்திரை நாள்தோறும் வாயில். வாரக்கணக்கில் குருதிக்குக் காத்திருக்க வேண்டாத வழி அங்குள்ள தாய்மார்க்குக் கிடைத்தது.